அண்ணியின் பத்தாவது வாசல்

என் வேலை குடல் உருவுவது. கோழி வெட்டும் தொழிற்சாலையில் மூன்றாவது லைனில் ஆறாவது ஆளாக நிற்கிறேன். தலையும் இறகும் போன கோழிகள் கால்களில் கொக்கி மாட்டித் தலைகீழாகச் சங்கிலியில் வந்துகொண்டே இருக்கும். எனக்கு முன்னால் நிற்பவள் அடிவயிற்றைக் கீறி விடுவாள். நான் கையை உள்ளே விட்டு, விரல்களை மடக்கி, ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவர வேண்டும். மெதுவாக இழுத்தால் குடல் அறுந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். வெடுக்கென்று இழுத்தால் பித்தப்பை உடைந்து பச்சையாகப் பித்தநீர் கறி முழுக்க வழியும். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். கையுறை கொடுக்கிறார்கள், பூட்ஸ் கொடுக்கிறார்கள், ரப்பர் ஏப்ரன் கொடுக்கிறார்கள். நாற்றத்துக்கு மட்டும் ஒன்றும் கொடுப்பதில்லை. அது முடியில் ஏறும், நகக்கண்ணில் ஏறும், பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டைக் காலியாகவே வைத்திருக்கும்.

என் அண்ணிக்கு அந்த நாற்றம் ஆகாது. அண்ணன் வீட்டுக்கு நான் போனால், நேராக உள்ளே நுழைய முடியாது. பின்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். அங்கே குழாயடியில் ஒரு வாளியும், சோப்பும், எனக்கென்றே ஒரு பழைய நைட்டியும் இருக்கும். குளித்துவிட்டு வந்தாலும் சோபாவில் உட்கார விடமாட்டாள். நீலநிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தனியாகக் கிடக்கும். "பாப்பா, அதுல உக்காரு, கழுவறதுக்கு ஈஸி" என்பாள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான்.

அண்ணன் பஸ் ஓட்டுகிறான். சண்டை பிடிக்காத ஆள். "விடு பாப்பா, அவ என்னையே ரெண்டு தடவ குளிக்கச் சொல்றா" என்று சிரித்து மழுப்பிவிடுவான்.

அண்ணிக்கு வேலை, துணி வெளுக்கும் கடையில் கறை எடுப்பது. வாங்கி வைத்த துணிகளை ஒவ்வொன்றாக மேசைமேல் விரித்து விளக்கடியில் பார்ப்பாள். என்ன கறை, எத்தனை நாள் கறை என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீர் பட்டால் கறை நூலுக்குள் உறைந்துவிடும். எண்ணெய்க்குப் பவுடர். மற்றதற்கெல்லாம் நீராவிக் குழாயும் சின்னப் பிரஷும். அடுத்தவர்களுடைய வியர்வை, வாந்தி, எச்சில் எல்லாவற்றையும் நாள் முழுக்கத் தேய்த்துவிட்டு வருகிறவள் வீட்டுக்குள் ஒரு தூசியைக்கூட விடமாட்டாள். பூஜை அறையோ கேட்கவே வேண்டாம். குளித்து, ஈரம் காயாத துணியோடுதான் உள்ளே போவாள். சுவரில் ஒரே ஒரு சிவன் படம், ஒரு விளக்கு, அவ்வளவுதான். அந்தத் தரை என் சாப்பாட்டுத் தட்டைவிடச் சுத்தமாக இருக்கும்.

அவளுக்கு நல்ல குரல். அதை நான் மறுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே இருக்கும் கூடத்தில் நாற்பது, ஐம்பது பேர் கூடுவார்கள். அண்ணிதான் முன்னால் உட்கார்ந்து பாடுவாள். ஒரு தடவை அண்ணனுக்காகப் போயிருந்தேன். பாட்டெல்லாம் உடம்பைத் திட்டுகிற பாட்டு. இது ஒன்பது ஓட்டை போட்ட பை, உள்ளே மலமும் சீழும் புழுவும், இதையா நான் என்று நம்பினேன், இதிலிருந்து என்னைக் கழற்றிவிடு சிவனே என்று உருகி உருகிப் பாடுகிறாள். கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறது. எனக்கு எரிச்சலாக வந்தது. அத்தனை பேரும் பவுடர் போட்டு, சென்ட் அடித்து, இஸ்திரி போட்ட துணியில் வந்திருந்தார்கள். குடல் என்றால் எப்படி இருக்கும் என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்குப் பக்கத்தில்தான் யாரும் உட்காரவில்லை.

கூட்டத்தை நடத்துகிற அம்மாவுக்கு நான் வைத்த பெயர் மைக்கம்மா. மைக் அவள் கையை விட்டு இறங்காது. அண்ணியைப் பற்றி அவள் அன்றைக்குச் சொன்னாள்: "இவங்க பாடல. இவங்க உடம்பே கரைஞ்சு பாடுது." எனக்குக் குமட்டியது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொழிற்சாலை கேட்டில் அண்ணன் யூனிஃபார்மோடு நின்றுகொண்டிருந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது.

"பாப்பா, அவ கடையிலேயே விழுந்துட்டா. ஒரே ரத்தம்."

"எங்கேருந்து?"

அவன் தரையைப் பார்த்தான். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு வருடமாக அவளுக்கு மலத்தில் இரத்தம் போயிருக்கிறது. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கட்டிய புருஷனிடம்கூட. எப்படிச் சொல்வது, அதைப் பற்றி வாயைத் திறந்து பேசுவதா என்று இருந்திருக்கிறாள். கறை எடுப்பதில் கைதேர்ந்தவள் அல்லவா, தன் துணியைத் தானே பச்சைத் தண்ணீரில் அலசித் தடம் தெரியாமல் காயப்போட்டிருக்கிறாள். டாக்டர் திறந்து பார்த்தபோது பெருங்குடல் முழுக்கப் புண், அடியில் ஒரு கட்டி. மொத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலதுபக்கம் வெளியே கொண்டுவந்து வைத்துத் தைத்தார்கள். இனி ஆயுசுக்கும் அதுதான் வழி. அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கும். உள்ளே போவது எல்லாம் அந்தப் பையில் வந்து விழும்.

பையைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க ஒரு நர்ஸ் வந்தாள். குட்டையாக, தடித்த கண்ணாடி போட்டவள். "இத பாருங்கம்மா, பைய வயித்துல ஒட்டற இந்தத் தட்டுல ஓட்டைய உங்க குடல் வாய் அளவுக்குச் சரியா வெட்டணும். பெருசா வெட்டினீங்கன்னா சுத்தி இருக்கற தோல்ல பட்டு அரிச்சுடும். சின்னதா வெட்டினா குடலைக் கடிக்கும். ஒவ்வொரு தடவையும் பாத்து வெட்டணும்." அண்ணி தலையாட்டினாள். கண் மட்டும் மூடியிருந்தது. நர்ஸ் மூன்று நாள் வந்தாள். மூன்று நாளும் அண்ணி கண்ணைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் வாரம் அண்ணன்தான் பையை மாற்றினான். மாற்றிவிட்டு வாஷ்பேசினில் வாந்தி எடுப்பான், வாயைக் கொப்புளிப்பான், பஸ் எடுக்கப் போவான். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். எட்டாவது நாள், "போதும், நானே பாத்துக்கறேன்" என்று குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். உள்ளே அவள் எப்படிச் செய்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. மூக்கில் கற்பூரம் வைத்துத் துணியைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, கையால் தடவித் தடவி ஒட்டியிருக்கிறாள். ஓட்டையை அளந்து பார்க்கவே இல்லை. எங்கே குடல்மேல் கை பட்டுவிடுமோ என்று பெரிதாக வெட்டி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

பூஜை அறைக்கு அவள் போகவில்லை. விளக்கை அண்ணன் ஏற்றினான். அவனுக்குத் திரி போடத் தெரியாது, எண்ணெய் வழிந்து தரையெல்லாம் பிசுக்கு. அவள் அந்த அறை வாசல் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை கூடத்துக்குப் போனாள். அங்கே ஒருவருக்கும் விஷயம் தெரியாது. "வயித்துல ஒரு ஆபரேஷன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். கைத்துணைக்கு அவளோடு போகச் சொல்லி அண்ணன் என்னிடம் கெஞ்சினான். நான் போனேன். அவள் உடம்பு முழுக்க சென்ட் அடித்திருந்தாள். ஆட்டோவில் எனக்குத் தலை சுற்றியது. கோழி நாற்றமே தேவலை என்றிருந்தது.

கொஞ்ச நாளில் இன்னொன்றைக் கவனித்தேன். அவள் சாப்பிடுவதில்லை. காலையில் அரை டம்ளர் கஞ்சித் தண்ணீர், சாயங்காலம் இரண்டு வாய். வெள்ளிக்கிழமை என்றால் முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. கேட்டால் "பசிக்கல" என்பாள். கன்னம் ஒட்டிப் போனது. கழுத்தெலும்பு கிண்ணம் மாதிரி குழிந்தது. கண் மட்டும் பெரிதாகப் பளபளத்தது.

மைக்கம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "பாத்தீங்களா, அம்மா சாப்பாட்டை விட்டுட்டாங்க! ஒடம்பு மேல இருந்த பற்றே போயிடுச்சு! நாமெல்லாம் பாட்டுல பாடறோம், அம்மா வாழ்ந்து காட்றாங்க!" என்று மைக்கில் போட்டு உடைத்தாள். அடுத்த வாரம் கூட்டம் இரட்டிப்பானது. பாட்டு முடிந்ததும் வரிசையில் வந்து அண்ணியின் காலைத் தொட்டார்கள். ஒரு பெண் கைக்குழந்தையை அவள் மடியில் வைக்கப் போனாள். அண்ணி வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அதையும் அந்தப் பெண், 'அம்மா யாரையும் தொடுறதில்லையாம்' என்று பரவசமாகப் பக்கத்தில் சொன்னாள்.

ஆட்டோவில் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அண்ணி, இது என்ன கூத்து? நீங்க எதுக்குச் சாப்பிடாம இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"உனக்கு என்ன தெரியும்?"

"சாப்பிட்டா பை நெறையும்."

அவள் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். "வாய மூடிட்டு வா" என்றாள். அவள் காதோரம் சிவந்திருந்தது. கால் தொட்டவர்களை அவள் தடுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. நாறிப்போன உடம்பை ஒரு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு, மறுபக்கம் உடம்பை வென்றவள் என்று பெயர் வாங்குகிறாளே என்று நினைத்தேன். அன்றைக்கு அவளை எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அப்புறம் வந்த வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது.

மைக்கம்மா அவளைக் கேட்காமலே ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். அம்மா நாற்பது நாள் அன்னம் தொடாமல் இருந்துவிட்டார், இன்றைக்கு எல்லார் முன்னாலும் பால் குடித்து விரதம் முடிக்கப் போகிறார் என்று அறிவித்துவிட்டாள். ஒரு பெரிய வெள்ளி டம்ளர் நிறைய ஏலக்காய் போட்ட இனிப்புப் பால். அண்ணி வேண்டாம் என்று தலையாட்டினாள். விடவில்லை. நூறு பேர் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். மைக்கம்மா தன் கையாலேயே வாயில் வைத்துச் சாய்த்தாள். ஒன்று முடிந்ததும் இன்னொன்று, யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. மறுக்கத் தெம்பில்லாமல் அதையும் குடித்தாள். பிறகு பாட உட்கார்த்தி வைத்தார்கள்.

இரண்டாவது பாட்டு நடந்துகொண்டிருந்தபோது அவள் கை வயிற்றுக்குப் போனது. குரல் ஒரு இடத்தில் தடுக்கியது. நான் பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். புடவைக்கு அடியில் பை பலூன் மாதிரி உப்புவது தெரிந்தது. நான் எழுந்தேன். அவளும் எழுந்தாள். எழுந்த வேகத்தில் கண் இருண்டிருக்க வேண்டும், அப்படியே பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். விழுந்தபோது பை பிய்ந்துகொண்டது.

அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? பால் புளித்த வாடை, அதோடு பித்தம், அதோடு மலம். வெளிர்மஞ்சளாகத் தண்ணீர் மாதிரி அவள் புடவையை நனைத்து, கம்பளத்தில் பரவி, முன்வரிசைக்காரர்களின் பாதத்தைத் தொட்டது. ஒரு நொடி யாருக்கும் என்னவென்று புரியவில்லை. புரிந்ததும் ஒரே ஓட்டம். "ஐயோ", "சீ", "ச்சீ கருமம்" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்கட்டில் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளினார்கள். கைக்குழந்தைக்காரி வாசலில் நின்று தன் செருப்பைத் தேடினாள். மைக்கம்மாவின் கையிலிருந்து மைக் விழுந்து கூவென்று கத்தியது. அவளும் போய்விட்டாள்.

நான் அண்ணியிடம் போனேன். முட்டி போட்டேன். புடவையை விலக்கினேன்.

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை லட்சம் குடலை உருவியிருக்கிறேனோ தெரியாது. ஒருநாள்கூட எனக்கு வாந்தி வந்ததில்லை. அன்று வந்தது. பை இருந்த இடத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோலே இல்லை. வெந்த மாதிரி சிவந்து, நீர் கோத்து, ஓரங்களில் வெள்ளையாக ஊறிப் போயிருந்தது. நடுவில் சிவப்பாக, ஈரமாக, உதடு மாதிரி அந்தக் குடல் வாய். அது தானாக அசைந்தது. நெளிந்து, சுருங்கி, இன்னும் கொஞ்சம் மஞ்சள் தண்ணீரைக் கக்கியது. நான் முகத்தைத் திருப்பிக் கம்பளத்தின் ஓரத்தில் வாந்தி எடுத்தேன். பிறகு என் துப்பட்டாவை உருவி அவள் வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே பெயிண்ட் கடைக்காரரை ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லிக் கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணாடி நர்ஸ் பிடித்துக்கொண்டாள். "உடம்புல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. உப்பு எல்லாம் எறங்கிடுச்சு. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா ஆளே இல்ல. இந்தத் தோல பாருங்க! எத்தன தடவ சொன்னேன், பாத்து வெட்டுங்கன்னு? கண்ண எங்க வெச்சுட்டு ஒட்டினீங்க?"

அண்ணி மூக்கில் ட்யூபோடு படுத்திருந்தாள். கண்ணோரமாகத் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. "எல்லாரும் பாத்துட்டாங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

"பாத்துட்டாங்க. நானும் பாத்துட்டேன். வாந்தியும் எடுத்துட்டேன்."

"நீயா?"

"நானேதான்."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். ஏனோ அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

நான் ஒரு மாதம் விடுப்புப் போட்டு அண்ணன் வீட்டிலேயே தங்கினேன். தோல் ஆறுகிற வரைக்கும் நான்தான் பை மாற்றினேன். அருவருப்பு குறைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். தினமும் காலையில் அந்தத் தட்டை உரிக்கும்போது என் வயிறு ஒரு தடவை மேலே வந்து கீழே போகும். அவளுக்கும் அப்படித்தான். அவள் கண்ணைத் திறப்பதே இல்லை.

பன்னிரண்டாவது நாளோ என்னவோ, எனக்கு முழங்கால் வலி, எரிச்சல், எல்லாம் சேர்ந்துகொண்டது. வெந்நீரில் நனைத்த துணியை அவள் கையில் திணித்தேன்.

"இந்தாங்க, நீங்களே தொடைங்க. கண்ணத் திறந்து தொடைங்க."

"மாட்டேன்."

"நான் போனப்புறம் யாரு செய்வா?"

"பாப்பா, வேணாம். என்னால முடியாது. அத பாத்தா நான் செத்துடுவேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஏன் அண்ணி, இத்தன வருஷமா வாய் கிழியப் பாடினீங்களே, ஒன்பது ஓட்ட போட்ட பை, மலம், சீழு, புழுன்னு? அப்போ எதைப் பாடினீங்க? இப்போ உங்களுக்கு ஒன்பது இல்ல, பத்து. எண்ணிப் பாத்துக்கோங்க."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நோயாளியிடம் பேசுகிற பேச்சா அது? அவள் முகம் கோணியது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததில் வயிறு குலுங்க, அந்தக் குடல் வாய் 'புர்ர்' என்று தானும் ஒரு சத்தம் விட்டது. அண்ணி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். குனிந்து பார்த்தாள்.

அவள் மூச்சு மேலும் கீழும் வாங்கியது. தொண்டையில் ஓங்கரிப்பு ஏறி இறங்கியது தெரிந்தது. ஆனால் பார்வையை எடுக்கவில்லை. கடைக்கு வந்த துணியை மேசைமேல் விரித்து ஒரு கறையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இதுவா?" என்றாள்.

"இதுதான்."

"இவ்ளோ சின்னதா?"

சுண்டுவிரலை நீட்டினாள். பாதி வழியில் நிறுத்தினாள். பிறகு நுனியால் அதைத் தொட்டாள். தொட்டுவிட்டுச் சட்டென்று என்னைப் பார்த்தாள்.

"பாப்பா, தொட்டா தெரியலயே."

"என்ன தெரியல?"

"தொடறது. விரலுக்குத் தெரியுது. இதுக்குத் தெரியல." இன்னொரு தடவை தொட்டாள். கொஞ்சம் அழுத்தினாள். "ஒண்ணுமே தெரியல. வேற யாரோடதோ மாதிரி இருக்கு."

நர்ஸ் எனக்கு முன்பே சொல்லியிருந்தாள், அந்த இடத்தில் தொடு உணர்ச்சி இருக்காது என்று. நான் அதைச் சொன்னேன். அண்ணி கேட்டதாகவே தெரியவில்லை. அது மறுபடியும் நெளிந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் சொல்லி அசையல பாரு. நான் நிறுத்துன்னாலும் நிக்காது. அது பாட்டுக்கு அது வேலயப் பாக்குது." குரல் இறங்கிப் போயிருந்தது. "இத நான்னு நெனச்சுட்டா நான் சாகக் கெடந்தேன்?"

கத்தரிக்கோலையும் தட்டையும் எடுத்து நீட்டினேன். அவள் வாங்கி, கறை மேசையில் உட்காருவது மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அளவு அட்டையை வைத்துப் பார்த்து, மயிரிழை பிசகாமல் வெட்டினாள். ஒட்டி முடித்ததும் குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். மறுநாளும் எடுத்தாள். அதற்கடுத்த நாளும். ஆனால் நான் மாற்ற வேண்டியிருக்கவில்லை. சாப்பிடவும் தொடங்கினாள். முதல் நாள் அவள் தட்டைக் காலி செய்ததைப் பார்த்து அண்ணன் சமையலறைக்குள் போய் மூக்கைச் சிந்தினான்.

நான் கிளம்புகிற வாரத்தில் ஒரு காலை பூஜை அறையில் வெளிச்சம் தெரிந்தது. அண்ணி உள்ளே உட்கார்ந்து அண்ணன் வழியவிட்ட எண்ணெய்ப் பிசுக்கைப் பவுடர் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பை பாதி நிறைந்திருந்தது. நைட்டிமேலேயே தெரிந்தது. நான் வாசலில் நின்றேன்.

"காலி பண்ணிட்டு வந்திருக்கலாம்னு நெனக்கறியா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"நான் ஒண்ணும் கேக்கலயே."

"காலி பண்ணினா அஞ்சு நிமிஷத்துல திரும்ப வரும். அது காலியா இருக்கற நேரம் பாத்துத்தான் அவன்கிட்ட வரணும்னா, நான் வரவே முடியாது."

விளக்கை ஏற்றினாள். பாடவில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மாதம் கழித்து, நானும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், மைக்கம்மா வந்தாள். கையில் ஒரு பூச்செண்டு. வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணி இருந்த சோபாவின் மறுகோடியில் உட்கார்ந்துகொண்டாள். கூட்டத்தில் எல்லாரும் யோசித்துப் பார்த்தோம், அது ஆண்டவன் வைத்த சோதனை, அம்மா அதிலும் ஜெயித்து எழுந்துவிட்டீர்கள், வெள்ளிக்கிழமை வந்து 'உடல் பற்றை விடுவது எப்படி' என்று அரைமணி நேரம் பேச வேண்டும் என்றாள். "பாட வேணாம்மா, சிரமம். கதவுப் பக்கமா ஒரு சேர் போட்டுடறேன், உங்க வசதிக்கு."

அவளைக் குழாயடியில் தள்ளிக் கழுவிவிடலாமா என்று எனக்கு இருந்தது. அண்ணி நிதானமாக, "வர்றேன்" என்றாள்.

கூடம் நிறைந்திருந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. ஊதுபத்தி வழக்கத்தைவிட நான்கு மடங்கு. அண்ணி கதவுப் பக்கத்து நாற்காலியைத் தாண்டிப் போய் முன்னால் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். மைக்கை வாங்கினாள்.

"நான் உடம்ப ஜெயிச்சுட்டேன்னு சொல்றீங்க. அது பொய்" என்று தொடங்கினாள். "நான் சாப்பிடாம இருந்தது சாமிக்காக இல்ல. சாப்பிட்டா பை நெறையும், நெறைஞ்சா நாறும். அது பிடிக்கல. அவ்ளோதான். அத நீங்க தவம்னு சொன்னீங்க. நானும் ஆமான்னு கால நீட்டினேன்."

மைக்கம்மா எழுந்து நின்றாள். அண்ணி நிறுத்தவில்லை.

"காலைல கண்ணு முழிச்சா பையத்தான் தொட்டுப் பாப்பேன். பாடும்போது வாயில அவன் பேரு, மனசுல பை. ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம்கூட நான் என் உடம்ப விட்டு நகரல. அதுக்கு முன்னாடியும் அப்படித்தான். ரெண்டு வருஷம் ரத்தம் போச்சு, வெளிய சொல்ல அருவருப்பு. சொல்லியிருந்தா ஒருவேள இவ்ளோ தூரம் வந்திருக்காது. உடம்பு மேல ஆச வெச்சா அத கட்டிப் பிடிச்சுப்போம். அருவருப்புப் பட்டாலும் அதத்தான் கட்டிப் பிடிச்சுட்டு இருக்கோம். நான் பாடின பாட்டெல்லாம் உடம்ப விடற பாட்டு இல்ல, உடம்பத் திட்டற பாட்டு. திட்டறவ எங்க விடறா?"

கூடத்தில் சத்தமே இல்லை. அந்த நிசப்தத்தில், மைக்குக்கு நேராக, அவள் வயிற்றிலிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது. ஸ்பீக்கரில் அது அறை முழுக்க உருண்டது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருத்தி முந்தானையை மூக்குக்குக் கொண்டு போனாள். மைக்கம்மா பாய்ந்து வந்து சுவிட்சில் கை வைத்தாள்.

"இருங்க" என்றாள் அண்ணி. "அது பேசி முடிக்கட்டும்."

அது முடித்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத் தொடங்கினாள். உடம்பைத் திட்டுகிற பாட்டு இல்லை. சிவன் பேரை மட்டும் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு சின்னப் பாட்டு. முடிவதற்குள் இருபது பேர் எழுந்து போய்விட்டார்கள்.

மைக்கம்மா இப்போது தன் வீட்டு மாடியில் தனியாகக் கூட்டம் நடத்துகிறாள். பெரும்பாலானவர்கள் அங்கே போய்விட்டார்கள். மைக்கும் அங்கே போய்விட்டது. பெயிண்ட் கடைக்கு மேலே வெள்ளிக்கிழமைகளில் பதினோரு பேர் வருகிறார்கள். என்னைச் சேர்த்தால் பன்னிரண்டு. எனக்கு இன்னும் சாமி நம்பிக்கை வரவில்லை. லைன் முடிந்து, அப்படியே பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போய் உட்காருகிறேன்.

போன வாரம் மூன்றாவது பாட்டின் நடுவில் அண்ணி நிறுத்தினாள். "ஒரு நிமிஷம். பை கசியுது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுத் தன் சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். ஏழெட்டு நிமிடம் ஆனது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அவள் திரும்பி வந்ததும் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தார். அவள் விட்ட வரிக்கு அடுத்த வரியிலிருந்து எடுத்தாள். நாற்றம் இன்னும் அறையில் நின்றுகொண்டுதான் இருந்தது. நான் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கேட்டேன்.